நெல் மூட்டை காத்திருக்கும் நேரத்தையும் அளந்து வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரக்குப் போக்குவரத்தில் உலக நாடுகளின் தரவரிசை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2018-ல் 44-வது இடத்தில் இருந்த இந்தியா 2023-ல் 38-வது இடத்துக்கு வந்திருக்கிறது. 2030-க்குள் முதல் 25 நாடுகளுக்குள் வர வேண்டும் என்பது 2022 செப்டம்பரில் வெளியான தேசிய லாஜிஸ்டிக்ஸ் (சரக்குப் போக்குவரத்து) கொள்கையின் இலக்கு. சரக்குப் போக்குவரத்து வசதியில் மாநிலங்களை மதிப்பிடும் மத்திய அரசின் 'லீட்ஸ்' அறிக்கையில் 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் தமிழ்நாடு மேல் வரிசையான சாதனையாளர் பிரிவில் இருந்தது. இவ்வளவையும் எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரியான தகவல்கள், சந்தோஷப்பட வேண்டிய தகவல்கள். ஆனால் இந்தக் கணக்கு எதிலும் எங்கள் பக்கத்து நெல் மூட்டை வரவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சென்னைத் துறைமுகத்தை ஒட்டி சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்கள் பார்த்தவள். அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பினேன். இப்போது கொரடாச்சேரி பக்கத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தில், ஒரு வேலிக்கு (ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்) கொஞ்சம் குறைவான நிலத்தில் குறுவை நெல்லும், அதை அறுத்த பிறகு தாளடி நெல்லும் பார்க்கிறேன். ஒரு பக்கம் கன்டெய்னர், இன்னொரு பக்கம் நெல் மூட்டை என்று இரண்டும் நகர்வதைப் பார்த்தவள் என்பதால் எனக்கு இதில் சொல்ல விஷயம் இருக்கிறது.

முதலில் அந்தத் தரவரிசை எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். உலக வங்கி 2007-ல் ஆரம்பித்து இதுவரை ஏழு முறை அதை வெளியிட்டிருக்கிறது. சுங்க நடைமுறை, சாலை, துறைமுகம் போன்ற கட்டமைப்பு, வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புவது எவ்வளவு எளிது, சேவை செய்பவர்களின் திறமை, சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடிகிறதா, சொன்ன நேரத்தில் போய்ச் சேருகிறதா என்று ஆறு விஷயங்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். 2023-ல் முதலிடம் பிடித்த சிங்கப்பூருக்கு 4.3, நமக்கு 3.4. மதிப்பெண் போடுகிறவர்கள் யார் என்றால், பல நாடுகளில் சரக்கு அனுப்பும் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். தாங்கள் சரக்கு அனுப்பிப் பழகிய வேறு நாடுகளைப் பற்றி அவர்கள் கருத்துச் சொல்கிறார்கள். 2023 அறிக்கைக்கு அப்படிச் சொன்னவர்கள் ஏறத்தாழ 650 பேர்.

கருத்துதானே, அதனால் பிசகும் இருக்கும். இந்தியாவின் இடம் 2014-ல் 54, 2016-ல் 35, 2018-ல் 44, 2023-ல் 38. இரண்டு வருடத்தில் பத்தொன்பது படி ஏறி, அடுத்த இரண்டு வருடத்தில் ஒன்பது படி இறங்கும் அளவுக்கு நம் சாலையும் துறைமுகமும் மாறிவிடவில்லை. மதிப்பெண்ணைச் சுற்றிப் பிழை வரம்பு உண்டு என்று உலக வங்கியே அறிக்கையில் போடுகிறது. பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே 38-ஐ விட, அந்த அறிக்கையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பகுதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முதல் முறையாக 2023-ல் ஆட்களைக் கேட்பதோடு நிற்காமல், கன்டெய்னர்களின் நடமாட்டத்தைப் பதிவு செய்த கணினித் தகவலையும் எடுத்து, துறைமுகத்தில் ஒரு பெட்டி சராசரியாக எத்தனை நாள் கிடக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். 2022 மே முதல் அக்டோபர் வரை இந்தியாவில் சுமார் 3 நாள். அமெரிக்காவில் 7, ஜெர்மனியில் 10. விசாகப்பட்டினத்தில் 2015-ல் 32.4 நாளாக இருந்தது 2019-ல் 5.3 நாளாகக் குறைந்தது என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

இது எப்படி நடந்தது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. 2016 ஜூலையில் மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கு மின்னணு அடையாள வில்லை மாட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் மற்ற துறைமுகங்களுக்கும் அது வந்தது. வாசல், யார்டு, சுங்கச்சாவடி என்று எங்கே கடந்தாலும் நேரம் தானாகப் பதிவாகும். அதற்கு முன்பு, "பெட்டி எங்கே?" என்று இறக்குமதியாளர் போன் பண்ணினால் நாங்கள் நாலு பேருக்குப் போன் பண்ணுவோம். ஆளுக்கு ஒரு பதில் வரும். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் நாள் கணக்கில் வரிசை கட்டி நின்ற காலமும் அதுதான். டிரைவர் ரோட்டோரம் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக் கிடப்பார். தாமதம் யாரால் என்று கேட்டால் சுங்கத்துறை துறைமுகத்தைச் சொல்லும், துறைமுகம் போலீஸைச் சொல்லும், எல்லாரும் சேர்ந்து ஏஜென்ட்டைச் சொல்வார்கள்.

சுங்கத்துறை இன்னொன்றும் செய்தது. கப்பல் வந்த நேரம், ஆவணம் தாக்கல் ஆன நேரம், மதிப்பீடு முடிந்த நேரம், வரி கட்டிய நேரம், சரக்கு வெளியே போக அனுமதி கிடைத்த நேரம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக அளந்து ஆய்வாக வெளியிட ஆரம்பித்தது. 2019-ல் நாடு முழுக்க 15 இடங்களில் ஒரே சமயத்தில் எடுத்தார்கள். கடல்வழி இறக்குமதிச் சரக்கு 48 மணி நேரத்துக்குள், விமானச் சரக்கு 24 மணி நேரத்துக்குள் என்று இலக்கும் வைத்தார்கள். அப்படிக் கட்டம் கட்டமாகப் பிரித்தபோதுதான், தாமதத்தில் ஒரு பெரிய பங்கு இறக்குமதியாளர்களின் பக்கமே இருப்பது தெரிந்தது. கப்பல் வருவதற்கு முன்பே ஆவணம் தாக்கல் செய்தால் எவ்வளவோ நேரம் மிச்சம். ஆனால் பலர் கப்பல் வந்து நின்ற பிறகுதான் தாக்கல் செய்தார்கள், வரியை அதற்கும் பிறகு கட்டினார்கள். மொத்தமாக 'இத்தனை நாள்' என்று மட்டும் அளந்திருந்தால் அது வெளியே வந்திருக்காது.

இப்போது நெல்லுக்கு வருகிறேன்.

டெல்டாவில் ஒரு நெல் மூட்டை போகிற வழி இதுதான். மிஷின் அறுத்துக் கொட்டிய நெல் டிராக்டரில் களத்துக்கு வருகிறது. காய்ந்த பிறகு அரசுக் கொள்முதல் நிலையத்தில் தூற்றி, ஈரப்பதம் பார்த்து, 40 கிலோ சாக்கில் எடை போட்டுப் பிடிக்கிறார்கள் (வாங்கிக்கொள்வதை இங்கே 'பிடிப்பது' என்போம்). அங்கிருந்து லாரியில் கிடங்குக்கோ, திறந்தவெளிச் சேமிப்பு மையத்துக்கோ, ரயில் நிலையத்துக்கோ போகிறது. இந்தப் பக்கம் விளைகிற அவ்வளவையும் அரைக்க இங்கே ஆலை போதாது. அதனால் தஞ்சாவூர், நீடாமங்கலம், கும்பகோணம் போன்ற இடங்களிலிருந்து சரக்கு ரயிலில் வெளி மாவட்டங்களுக்கு அரவைக்கு அனுப்புகிறார்கள். அரிசியாகித் திரும்பவும் கிடங்குக்கு வந்து, ரேஷன் கடைக்குப் போகிறது. 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி என்பது கணக்கு. 2002-லிருந்து தமிழ்நாட்டில் கொள்முதலையும் சேமிப்பையும் மாநில அரசே பார்த்துக்கொள்ளும் முறை இருக்கிறது. அரசு நேரடியாக வாங்குவதால்தான் எங்களுக்கு ஒரு நிலையான விலை கிடைக்கிறது. அதை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் வியாபாரி வீட்டு வாசலில் நின்றது இப்போது இல்லை.

தொல்லை விலையில் இல்லை, நகர்வதில் இருக்கிறது. அதிலும் சாலையில் ஓடுகிற நேரத்தில் தொல்லை இல்லை. கொரடாச்சேரியிலிருந்து தஞ்சாவூருக்கு லாரி ஓடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தால்கூடச் சில மணி நேரத்தில் போய்விடலாம். நாள் கணக்கு ஆவது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில்தான். களத்தில் முறைக்காகக் காத்திருப்பு. எடை போட்ட பிறகு லாரிக்காகக் காத்திருப்பு. லாரி போன பிறகு கிடங்கு வாசலில் இறக்குவதற்குக் காத்திருப்பு. உலக வங்கி அறிக்கையும் இதையேதான் சொல்கிறது. ஒரு சரக்கின் மொத்தப் பயணத்தில் மிக நீண்ட தாமதங்கள் துறைமுகம், விமான நிலையம், ஒரு வாகனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இடங்களில்தான் ஏற்படுகின்றன என்று. பெட்டிக்கும் மூட்டைக்கும் அந்த விஷயத்தில் வித்தியாசமே கிடையாது.

போன குறுவையில் எங்கள் நெல் களத்தில் கிடந்தது ஒரு வாரத்தைத் தாண்டியது. பகலில் தார்ப்பாயை விரித்துப் பரப்புவோம், மேகம் கறுத்தால் வாரிக் குவித்து மூடுவோம். அதற்கு ஆள் கூலி தனி. ராத்திரிக் காவலுக்குத் தம்பி மகன் படுத்துக்கொண்டான். "ஏன் தம்பி இன்னிக்கும் பிடிக்கலை?" என்று பட்டியல் எழுத்தரைக் கேட்டேன். "மேடம், ஏற்கெனவே பிடிச்ச மூட்டையே இங்க மலையா கிடக்கு. அது போனாத்தான் அடுத்த அட்டி (மூட்டை அடுக்கு) போட இடம். லாரி வரட்டும்" என்றார். மறுநாள் லாரி வந்தது. டிரைவரிடம் கேட்டேன். "அக்கா, கிடங்கு வாசல்ல ரெண்டு நாள் நின்னுட்டு இப்பத்தான் இறக்கிட்டு வர்றேன். இறக்க இடம் இருந்தா நான் ஏன் அங்க படுத்திருக்கப் போறேன்?" என்றார். கிடங்கில் வேலை பார்க்கிற தெரிந்தவர் ஒருவரிடம் போனில் கேட்டால், "சரக்கு ரயில் ரேக் ஒதுக்கீடு வந்தாத்தான் உள்ள இருக்கிறது வெளிய போகும்மா" என்கிறார். மூன்று பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்த ஒரு கண்ணி மட்டும் தெரிகிறது. முழுச் சங்கிலியையும் பார்த்து, முடிச்சு இங்கேதான் என்று சொல்ல ஆள் இல்லை, ஏடும் இல்லை.

இந்தத் தாமதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதை அரசாங்கமும் பத்திரிகைகளும் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். நெல்லை 17 சதவீத ஈரப்பதம் வரைதான் வாங்கலாம் என்பது விதி. 17 சதவீதத்தில் பிடித்த 40 கிலோ மூட்டையில் 6.8 கிலோ தண்ணீர், மீதி 33.2 கிலோதான் காய்ந்த எடை. அந்த மூட்டை லாரி வராமல் வெயிலில் கிடந்து 14 சதவீதத்துக்கு இறங்கினால் எடை 38.6 கிலோ ஆகிவிடும். மூட்டைக்கு 1.4 கிலோ போச்சு. ஆயிரம் மூட்டைக்கு 1,400 கிலோ, அதாவது 35 மூட்டை. சன்ன ரக விலையில் 35,000 ரூபாய்க்கு மேல். யாரும் திருடவில்லை, காற்றில் போன தண்ணீர் அது. ஆனால் கிடங்கில் எடை குறைந்தால் அந்தப் பணத்தைத் தங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பது கொள்முதல் பணியாளர்களின் நீண்ட நாள் குறை. மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் கேட்கிறார்கள் என்பது விவசாயிகளின் நீண்ட நாள் குறை. இரண்டு குறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா வசூலுக்கும் இது காரணம் என்று நான் வாதாட வரவில்லை, லஞ்சம் லஞ்சம்தான். ஆனால் தாமதம் ஆகிற இடத்தில் ஒரு நஷ்டம் பிறக்கிறது, அந்த நஷ்டம் மேலே போக வழியில்லாமல் கீழே இறங்கி, கடைசியில் சாக்கு தூக்கி வருகிறவன் மடியில் வந்து விழுகிறது. லாரி இரண்டு நாளில் வந்தால் அந்த நஷ்டமே பிறக்காது.

வெயிலில் எடை போகிறது, மழையில் நெல்லே போகிறது. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் உச்சத்துக்கு வரும்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் வரும். இது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. 2025 அக்டோபரில் டெல்டா முழுக்க மூட்டைகள் தேங்கி நனைந்ததை நீங்களே முதல் பக்கத்தில் படத்தோடு போட்டீர்கள். களத்திலேயே நெல் முளைத்ததை நாங்கள் பார்த்தோம். ஈரப்பத வரம்பை 22 சதவீதமாக உயர்த்தித் தரும்படி மாநில அரசு கேட்டது, மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போயின. சட்டமன்றத்திலும் வெளியிலும் கட்சிகள் ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள். செறிவூட்டப்பட்ட (சத்துச் சேர்த்த) அரிசியைக் கலப்பதற்கான அனுமதி தாமதமானதால் அரவை நின்று, கிடங்கு காலியாகவில்லை என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. போதுமான முன்னேற்பாடு செய்யவில்லை என்று எதிர்த்தரப்பு சொன்னது.

எனக்கு இதில் ஒரு கட்சியும் கிடையாது. அரவையில் உள்ள ஒரு அனுமதி, பல கைகளைத் தாண்டி, களத்தில் உள்ள நெல்லை முளைக்க வைக்க முடியும் என்பது மட்டும் உண்மை. சரக்குத் தொழிலில் இருந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். கடைசிக் கண்ணி அடைத்தால் முதல் கண்ணியில் குவியும். ஆனால் அன்றைக்கு எந்தக் கண்ணியில் எத்தனை நாள் போனது என்று தேதியோடு காட்டும் ஒரு தாள் பொதுமக்கள் கையில் இருந்திருந்தால், சண்டை அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். அடுத்த வருடத்துக்கு எதைச் சரிசெய்வது என்றும் தெரிந்திருக்கும்.

அளக்காமல் பேசுவதால் வரும் கேட்டுக்கு நாட்டளவிலேயே ஒரு உதாரணம் உண்டு. இந்தியாவில் சரக்குப் போக்குவரத்துச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13, 14 சதவீதம் என்று பல வருடமாக மேடைக்கு மேடை சொன்னார்கள். எங்கள் அலுவலகத்தில் நடந்த பயிற்சி வகுப்புகளிலும் அதையேதான் சொன்னார்கள். பிறகு முறையாகக் கணக்கெடுத்துப் பார்த்தபோது 2021-22-க்கு 7.8-லிருந்து 8.9 சதவீதத்துக்குள் என்று வந்தது. 2023-24-க்கு 7.97 சதவீதம். இத்தனை வருடம் கொள்கை பேசியவர்கள் எல்லாம் ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிய ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். இப்போது கிடைத்த கணக்கை நான் மதிக்கிறேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்கிறேன். தம்பி மகன் ராத்திரி விழித்திருந்ததற்கு ரசீது இல்லை. தார்ப்பாய் வாடகைக்கும், வாரிக் குவித்த பெண்களுக்குக் கொடுத்த கூலிக்கும் பில் இல்லை. நெல் பணம் வராததால் அடுத்த தாளடி நடவுக்குக் கைமாற்று வாங்கினோமே, அதன் வட்டிக்கும் காகிதம் இல்லை. பில் இல்லாத செலவு எந்தக் கணக்கில் ஏறும்?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். கன்டெய்னருக்குச் செய்ததை நெல்லுக்குச் செய்யுங்கள். கோடிக்கணக்கான சாக்குக்கு வில்லை மாட்டச் சொல்லவில்லை, அது ஆகிற காரியமும் இல்லை, தேவையும் இல்லை. கொள்முதல் நிலையத்துக்கு விவசாயி இப்போதே ஆன்லைனில் பதிவு செய்கிறார். எடை போட்டதும் பட்டியல் கணினியில் ஏறுகிறது. லாரி கிளம்பும்போது ஒரு சீட்டு, கிடங்கில் இறங்கும்போது ஒரு ஒப்புகை. ரயிலில் ஏற்றினால் ரயில்வேயிடமும் நேரம் இருக்கிறது. எல்லா நேரமும் எங்கேயோ ஒரு இடத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அதையெல்லாம் ஒரு வரியில் கோக்க வேண்டியதுதான் பாக்கி. நெல் களத்துக்கு வந்த நாள் மட்டும் இப்போது எதிலும் பதிவாவதில்லை. பதிவு செய்த நாளும் நெல் வந்த நாளும் ஒன்றல்ல என்பதால் அதைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். ஏனென்றால் எங்கள் காத்திருப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எடை போட்ட நேரத்திலிருந்து கணக்கை ஆரம்பித்தால் எண் அழகாக வரும், களத்தில் கிடந்த நாள் எல்லாம் மறைந்துபோகும்.

வெளியிடும்போது சராசரியை மட்டும் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் இது எங்களுக்கு அனுபவப் பாடம். பத்துப் பெட்டியில் ஒன்பது இரண்டு நாளில் வந்து, ஒன்று இருபது நாள் கிடந்தால் சராசரி நாலு நாளுக்கும் குறைவு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த இருபது நாள் பெட்டிக்காரருடைய தொழிற்சாலை நின்றுவிடும். எந்தப் பெட்டி மாட்டும் என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லாருமே இருபது நாளுக்குத் தயாராக இருக்க வேண்டி வரும். எங்களுக்கும் அதேதான். மூன்று நாளில் பிடிப்பார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் அறுவடை மிஷினை அந்த நாளுக்குச் சொல்லிவைப்போம். தெரியாததால் எல்லாரும் ஒரே நேரத்தில் அறுத்துக் கொண்டுவந்து கொட்டி வரிசையில் இடம் பிடிக்கிறோம். கொட்டக் கொட்ட வரிசை இன்னும் நீளுகிறது. அதனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் சராசரியோடு, அந்த வாரத்தில் மிக அதிகமாகக் காத்திருந்த மூட்டை எத்தனை நாள் காத்திருந்தது என்பதையும் போட வேண்டும்.

எண்ணை வெளியிட்டால் பணியாளர்கள் மேல் நடவடிக்கை எடுக்கத்தான் அது பயன்படும் என்ற பயம் வரும். துறைமுகத்திலும் சுங்க அதிகாரிகளுக்கும் எங்களுக்கும் அதே பயம் இருந்தது. நடந்தது வேறு. தாமதம் தன் மேசையில் இல்லை என்று காட்ட ஒவ்வொருவருக்கும் ஆதாரம் கிடைத்தது. மூன்று பேர் வைத்து ஆயிரம் மூட்டை பிடிக்கிற ஒரு கொள்முதல் நிலையத்தில், 'நான் சாயங்காலம் ஐந்து மணிக்கு முடித்துவிட்டேன், லாரி நாலாம் நாள்தான் வந்தது' என்று கணினியே சொன்னால், எடைக் குறைவுக்கு அந்த எழுத்தர் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? கிடந்த நாளுக்கும் அந்த நாட்களின் வெயிலுக்கும் ஏற்ற எடைக் கழிவை விதியிலேயே சேர்த்துவிடலாம். பருவகால ஊழியர்களாகச் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். இந்த அளவுக் கணக்கால் முதலில் நிம்மதி அடையப் போவது அவர்கள்தான் என்று நான் நம்புகிறேன்.

கிடங்கு கட்டினால் சரியாகிவிடும் என்றும் சொல்வார்கள். கட்ட வேண்டியதுதான். கூரையுள்ள கிடங்கும், நெல் உலர்த்தும் இயந்திரமும் டெல்டாவுக்கு அவசரத் தேவை. ஆனால் எந்த ஊரில், எவ்வளவு பெரிதாக என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? நாட்டின் தரவரிசையில் 2018-க்கும் 2023-க்கும் நடுவே கட்டமைப்பில் நாம் 52-லிருந்து 47-க்குத்தான் வந்தோம், ஐந்து படி. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புவதில் 44-லிருந்து 22-க்குப் போனோம். கான்கிரீட் போட்டது மட்டும் இந்த முன்னேற்றத்தைத் தரவில்லை. காகிதம் கணினிக்குப் போனதற்கும், நேரம் பதிவானதற்கும் அதில் பங்கு உண்டு என்பது இருபது வருடம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவளாக நான் சொல்வது. கிடங்கு வாசலில் லாரி நிற்கும் நேரம் எந்த ஊரில் அதிகமோ, அந்த ஊரில் கிடங்கு கட்டுங்கள். ஆலைக்குப் போகத் தாமதம் என்றால் ரயில் பெட்டி கேளுங்கள். சாக்கு வராமல் எடை நின்றது என்றால் அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே சாக்கை இறக்கிவையுங்கள். இதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. எது எங்கே என்று தெரிந்தால் போதும்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர் இருப்பு, வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றைத் தினமும் நீங்கள் போடுகிறீர்கள். ஜூன் 12 நெருங்கினால் டெல்டாவில் டீக்கடைக்கு வருகிற யாரைக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்வார்கள். 120 அடியில் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்துத்தான் குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம். அந்த எண் தினமும் அச்சில் வருவதால்தான் தண்ணீர் திறப்பைப் பற்றி யாரும் எங்களிடம் மழுப்பிப் பேச முடிவதில்லை. அதேபோல செப்டம்பரிலிருந்து அக்டோபர் வரையும், ஜனவரியிலிருந்து மார்ச் வரையும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டப் பதிப்புகளில் ஒரு சிறிய கட்டம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் பிடித்து முடித்தும் நகராமல் கிடக்கும் மூட்டை எவ்வளவு, பிடிக்காமல் களத்தில் கிடக்கும் நெல் எவ்வளவு, மிகப் பழைய குவியல் எத்தனை நாளாகக் கிடக்கிறது. இந்த மூன்று எண்கள் போதும். அரசு தானாகத் தரும்வரை உங்கள் செய்தியாளர்களே நிலையங்களில் கேட்டு எழுதலாம். கொரடாச்சேரி வட்டாரத்துக்கு வாரம் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துத் தேதி போட்டு எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். வலங்கைமான், நன்னிலம், மன்னார்குடி பக்கத்திலும் எழுதத் தெரிந்த, நெல் விற்கிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பேசிப் பார்க்கிறேன். வருகிற சம்பா, தாளடி அறுவடையிலேயே இதை ஆரம்பித்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொரடாச்சேரி வட்டாரம்,
திருவாரூர் மாவட்டம்